பிரேசில் கறுப்பினப் பெண்களின் நிகழ்த்துகலையில் ஒரிஷா தொன்மங்கள் வெறும் அலங்காரமா, அரசியலா?

இரண்டும் உண்டு. (ஒரிஷா என்றால் மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் தெய்வம்.) மஞ்சள் உடை, கையில் கண்ணாடி, ஆற்றங்கரையில் ஒரு நடனம் என்று முடிந்துபோகும் நிகழ்வுகளும் இருக்கின்றன. எனக்கு அவை சுற்றுலா விளம்பரமாகத்தான் படும். ஆனால் அந்த மஞ்சளுக்கும் கண்ணாடிக்கும் உரிய ஒஷும் என்ற ஒரிஷா யார் என்று தெரிந்துகொண்டால் விஷயமே வேறு.

ஒரிஷாக்கள் பூமிக்கு வந்ததும் ஆண் தெய்வங்கள் மட்டும் கூடிப் பேசி எல்லாவற்றையும் முடிவு செய்தார்களாம். நன்னீருக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியவளான ஒஷும் கோபித்துக்கொண்டு தன் வேலையை நிறுத்திவிட்டாள். எந்தப் பெண்ணுக்கும் கரு தங்கவில்லை. எடுத்த காரியம் எதுவும் விளங்கவில்லை. படைத்தவனிடம் போய் முறையிட்டால், "கூட்டத்துக்கு ஒஷுமைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டானாம். அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளை அழைத்து வந்தார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொருபா மக்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவள் இவள். இதைவிடப் பெண்ணியக் கதை வேண்டுமா என்ன!

இன்னொன்று, ஒரிஷாக்களை வணங்கும் ஆப்பிரிக்க-பிரேசிலிய மதமான கந்தோம்ப்ளேயின் வழிபாட்டில் தெய்வம் ஆடுகிறவரின் உடம்பிலேயே வந்து இறங்கும். பாயியா மாநிலத்தில் 1976 வரை இதற்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆக, அங்கே ஒரு கறுப்பினப் பெண் தன் உடம்பை முன்வைத்து நிகழ்த்துவதற்குப் பின்னால் வழிபாடும் இருக்கிறது, தடையும் இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது ஒரிஷாவே வராத ஒரு நிகழ்வு. பிரேசில் நிகழ்த்துகலைஞர் பிரிசிலா ரெசென்டே 2010இல் தொடங்கிய 'பொம்பிரில்'. அது பிரேசிலில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரின் பிராண்டு. கறுப்பினத்தவர் முடியைக் கேலி செய்யவும் அதையே சொல்வார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, சோப்பு நுரையில் தலைமுடியை முக்கி, அலுமினியச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். பேச்சே கிடையாது. கார்னிவலில் ராணியாகக் கொண்டாடப்படும் கறுப்பினப் பெண்தான் மற்ற நாட்களில் வீட்டு வேலைக்காரி என்று பிரேசிலின் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் லேலியா கொன்சாலெஸ் 1980களில் எழுதியதை அந்தச் சட்டிகளோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

தொன்மம் என்றால் ஒரிஷா மட்டுமல்ல. வாயில் இரும்புப் பூட்டு மாட்டப்பட்ட அடிமைப் பெண் அனஸ்தாசியாவை மக்கள் புனிதராகவே கும்பிடுகிறார்கள். அப்படி ஒருத்தி வாழ்ந்தாளா என்பதற்குச் சான்றில்லை. ஓவியக் கலைஞர் யூரி குரூஸ் 2019இல் அந்தப் பூட்டை நீக்கி, அவள் வாய் தெரியும்படி வரைந்து பிரார்த்தனை அட்டையாக அச்சிட்டார். 2022இல் பாடகி லின் டா கெப்ராடா அந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டோடு பிரேசில் 'பிக் பிரதர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வீட்டுக்குள் நுழைந்தார். கலைக்கூடத்துப் பக்கமே போகாதவர்களும் அன்று அதைப் பார்த்தார்கள்.