அலங்காரக் கடைசல் லேத்: எதை வாங்கணும், எதை நாமளே செஞ்சுக்கலாம்? (கேள்வி-பதில்)

கேள்வி: வணக்கம் சார். சாதா மரக்கடைசல் ஓரளவு வரும், கிண்ணம், கைப்பிடி எல்லாம் கடைஞ்சிருக்கேன். இப்போ டப்பா மூடி மேல பூ இதழ் மாதிரி, கூடைப்பின்னல் மாதிரி வெட்டுற அலங்காரக் கடைசல் மேல ஆசை வந்துடுச்சு. அதுக்குன்னே இருக்குற மெஷின் விலையைப் பாத்தா தலை சுத்துது. ஆன்லைன்ல 775 மோட்டார் போட்ட மினி லேத் கிட் ஒண்ணு சல்லிசா கிடைக்குது, அதை வாங்கி மேல மேல டெவலப் பண்ணிக்கலாமா, இல்ல முழுசா நானே செஞ்சிடவா?

பதில்: கிட் வேண்டாம்ங்க. அந்த 775 மோட்டார்ல ஷாஃப்ட் வெறும் 5 மிமீ, அதே ஷாஃப்ட்ல நேரா ஒரு சக், அதாவது மரத்தைப் பிடிக்கிற பிடி, மாட்டி அதையே ஸ்பிண்டில்னு (மரத்தைத் தாங்கிச் சுத்துற தண்டு) சொல்லி விக்கிறாங்க. மணி கடையலாம், பேனா பாடி கடையலாம், அதுக்கு மேல உளியை வச்சு கொஞ்சம் பக்கவாட்டுல அழுத்தினா ஷாஃப்ட் வளைஞ்சு கொடுக்கும், மோட்டார் உள்ள இருக்கற பேரிங் அந்த லோடுக்கு செஞ்சதே இல்ல. மேல டெவலப் பண்ண அதுல ஒண்ணுமே மிஞ்சாது, கடைசில மோட்டார் மட்டும்தான் மிச்சம்.

முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு பாத்துட்டா எதுல காசு போடணும்னு தானா தெரிஞ்சிடும். சாதா கடைசல்ல மரம் வேகமா சுத்தும், உளி கையில இருக்கும். அலங்காரக் கடைசல்ல தலைகீழ், மரம் ஒரு இடத்துல பூட்டி நிக்கும் இல்லாட்டி நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சுத்துதான் சுத்தும், சின்ன கட்டர்தான் வேகமா சுத்தி மரத்தை வெட்டும். ஒரு வெட்டு போட்டதும் மரத்தை சரியா ஒரு பங்கு திருப்பி மறுபடி பூட்டி அடுத்த வெட்டு. அவ்ளோதான் விஷயம். அதனால இங்க பவர் முக்கியமே இல்ல, லண்டன்ல ஹோல்ட்ஸாப்ஃபெல்னு ஒரு கம்பெனி 1795லயே இந்த மாதிரி லேத் வித்துச்சு, ஓட்டுனது காலால மிதிச்சுதான். அதுல செஞ்ச சாமானை இன்னிக்கு பாத்தாலும் வெட்டு ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி மின்னும்.

முக்கியம் ரெண்டே ரெண்டு, ஸ்பிண்டில்ல ஆட்டம் இருக்கக்கூடாது, திருப்புற பங்கு துல்லியமா இருக்கணும். இந்த ரெண்டையும் காசு கொடுத்து வாங்குங்க, மத்ததையெல்லாம் நீங்களே செய்ங்க. என் கருத்து இதுதான். பெட், ஸ்டாண்டு, கட்டர் வைக்கிற ஸ்லைடுக்கு அடிப்பலகை, பெல்ட் கவர் எல்லாம் தடிமனான பிளைவுட்லயோ ஆங்கிள் வெல்டிங்லயோ அருமையா வரும், தப்பா போனா ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு சரி பண்ணிக்கலாம். ரோஸ் என்ஜின்னு சொல்றது, அதாவது அலை அலையா விளிம்பு இருக்கற தட்டை ஸ்பிண்டில்ல மாட்டி ஹெட்ஸ்டாக்கையே, அதாவது ஸ்பிண்டிலைத் தாங்குற தலைப்பகுதியையே, முன்னும் பின்னும் ஆட்டி வெட்டுறது, அதுக்கு ஹெட்ஸ்டாக்கை எம்டிஎஃப்லயே செஞ்சு ஓட்டுறவங்க இருக்காங்க, வேகம் அவ்ளோ கம்மிங்கறதால அது தாங்குது.

ஸ்பிண்டில் விஷயத்துல ஒண்ணு புரிஞ்சுக்கணும். கொஞ்சம் மையம் தள்ளி சுத்துறது வேற, ஆட்டம் வேற. மையம் தள்ளி சுத்தினா பெரிய பிரச்சனை இல்ல, அதே சக்ல மரத்தை மாட்டி ஒரு தடவை கடைஞ்சிட்டா வட்டம் அந்த ஸ்பிண்டிலுக்கு ஏத்தபடி சரியாகிடும், சக்லேருந்து கழட்டாம இருந்தா போதும். ஆட்டம் அப்படி இல்ல, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு பக்கம் போகும், எதைப் பண்ணியும் மறைக்க முடியாது. அதனால பில்லோ பிளாக் பேரிங் (கூட்டோட ரெடிமேடா வர்ற பேரிங்) ரெண்டை போல்ட் போட்டு முடுக்கி வேலைய முடிச்சிடாதீங்க, ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா வச்ச ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங், பின்னாடி நட்டை முடுக்கி ஆட்டத்தை எடுக்கிற மாதிரி, அதான் சரி. ஷாஃப்டை நல்ல டர்னர்கிட்ட கொடுத்து கடைஞ்சு வாங்குங்க. ஸ்பிண்டில் மூக்குல, அதாவது சக் மாட்டுற முனையில, போடற மரையை உங்க இஷ்டத்துக்கு போடாதீங்க, 1 இன்ச் 8 டிபிஐ (இன்ச்சுக்கு 8 மரை) இல்லாட்டி எம்33×3.5 (33 மிமீ, மரைக்கு மரை 3.5 மிமீ), இந்த ரெண்டுக்கும் சக் கடையில சுலபமா கிடைக்கும். உள்ள எம்டி2 டேப்பர் (மோர்ஸ் டேப்பர் 2ங்கற அளவுல கூம்பு ஓட்டை) போட்டு வாங்கிட்டா பின்னாடி ரொம்ப உதவும்.

கேள்வி: பழைய ட்ரெட்மில் மோட்டார் சும்மா கிடக்கு. போடலாமா?

பதில்: தாராளமா. டிசி மோட்டார், ஸ்பீடு கூட்டிக் குறைக்க வசதி, அந்த போர்டும் கூடவே இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு கவனம். அது திறந்த மோட்டார், மரத்தூளை உள்ள இழுக்கும், அதனால தூள் வராத பக்கமா தள்ளி வச்சு பெல்ட்ல இணைங்க. இன்னொண்ணு, நிறைய ட்ரெட்மில் மோட்டார்ல ஃப்ளைவீல் மரையில திருகித்தான் இருக்கும், ரிவர்ஸ்ல ஓட்டினா கழண்டு வந்துடும், சும்மா சொல்லல, கழண்ட ஃப்ளைவீல் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது.

கட்டரை ஓட்ட தனி மோட்டார் வேணும். சின்ன ட்ரில் மாதிரி மையத்துலயே வெட்டுற கட்டருக்கு ரோட்டரி டூல் போதும். ஆனா மையத்துலேருந்து தள்ளி முனை இருக்கற ஃப்ளை கட்டரை ட்ரிம் ரௌட்டர்ல (மர விளிம்பு சீவுற சின்ன மெஷின்) மாட்டவே மாட்டாதீங்க, அது 30,000 ஆர்பிஎம் வரைக்கும் ஓடுற சாமான், முனை பிச்சிக்கிட்டு பறந்துடும். அதுக்கு பெல்ட்ல ஓடுற தனி கட்டர் ஃப்ரேம்தான். முகத்துக்கு ஷீல்டு கண்டிப்பா, கைல கிளவுஸ் கண்டிப்பா கூடாது.

கேள்வி: மரத்தை பங்கு பங்கா திருப்பிப் பூட்ட சுத்திலும் துளை போட்ட தட்டு, அந்த இண்டெக்ஸ் பிளேட்டை பேப்பர்ல பிரிண்ட் எடுத்து பிளைவுட்ல ஒட்டி துளை போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். சரியா வருமா?

பதில்: பழகிப் பாக்க வரும், காட்டுற வேலைக்கு வராது. கணக்கு போட்டுப் பாருங்க. 60 மிமீ ஆரத்துல 96 துளைன்னா துளைக்கு துளை 4 மிமீ கூட இல்ல. கை ட்ரில் 0.3 மிமீ விலகினாலே பக்கத்து வெட்டோட நூத்துக்கு ஏழு எட்டு பங்கு வித்தியாசம், பாலீஷ் பண்ணினதும் வெளிச்சம் பட்டா ஒரு இதழ் குண்டு ஒரு இதழ் ஒல்லின்னு பளிச்னு காட்டிக்கொடுக்கும். ஆரத்தை ரெண்டு மடங்காக்கினா அதே விலகல் பாதியாகிடும், அதனால பிளேட் எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது.

இதை விட நல்ல வழி, மெட்டல் லேத்துக்கு விக்கிற சேஞ்ச் கியர் (மாத்தி மாத்திப் போடற பல் சக்கரம்) 96 பல், 120 பல்னு வாங்கி ஸ்பிண்டில் பின்னாடி மாட்டிடுங்க. பல்லை ஃபேக்டரியில வெட்டினது, நீங்க வீட்ல துளைக்கிறதை விட எவ்வளவோ துல்லியம். பூட்டுறதுக்கு உருண்டை பின் வேணாம், ஆப்பு மாதிரி முனை சீவி ஸ்பிரிங் வச்சு பல்லுக்கு நடுவுல அழுத்துற மாதிரி செய்ங்க, ஆட்டம் தானா போயிடும். வாங்கும்போது எண்ணைப் பாத்து வாங்குங்க, 96ல 8, 12, 16, 24, 32 எல்லாம் வரும் ஆனா அஞ்சிதழ் பூ வராது, அதுக்கு 120 வேணும். ஒன்பது வேணும்னா 144. சாதா லேத்துல இண்டெக்ஸுக்குன்னு கூடவே வர்ற 24 துளை பெரும்பாலும் பத்தாது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேத் ஒண்ணு பாத்திருக்கேன், விக்கிறவர் "ரன்னிங் கண்டிஷன்"னு சொல்றார். அதை வாங்கி இதுக்கு மாத்தலாமா?

பதில்: கேஸ்ட் அயர்ன் பெட்னா இதுதான் எல்லாத்தையும் விட லாபம், நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஓடுதுன்னு சொல்றதுல அர்த்தமில்ல, நமக்கு நின்ன நிலையிலதான் டெஸ்ட். பவரை ஆஃப் பண்ணிட்டு டயல் கேஜ் (நுணுக்கமான அசைவை முள்ளால காட்டுற அளவி) முனையை ஸ்பிண்டில் மூக்குல வச்சு, ஒரு கட்டையால நெம்பி மேல தூக்குங்க, முள் அசைஞ்சு திரும்பவும் பழைய இடத்துக்கு வரலைன்னா பேரிங் காலி. பேரிங் மாத்தலாம்தான், ஆனா விலையில கழிச்சுக்கணும். டெயில்ஸ்டாக்கை (எதிர்ப்பக்கம் மரத்தைத் தாங்குற பகுதி) ஹெட்ஸ்டாக் பக்கம் நெருக்கி ரெண்டு முனையும் நேரா சந்திக்குதான்னு பாருங்க. எம்டி2 ஓட்டைக்குள்ள விரலை விட்டா சுத்துக் கீறல் தட்டுதான்னு பாருங்க. மோட்டார் போயிருந்தா பேரம் பேச உங்களுக்கு நல்ல சாக்கு, அது எப்படியும் மாத்தப் போறதுதான். புதுசா வாரன்டியோட வாங்கினா ஒண்ணு, மோட்டாரையோ ஹெட்ஸ்டாக்கையோ கழட்டி துளை போட்டுட்டீங்கன்னா பெரும்பாலும் வாரன்டி செல்லாது, மாத்துறதுக்கு முன்னாடி அந்த பேப்பரைப் படிச்சிடுங்க.

கேள்வி: எந்த மரம்?

பதில்: நெருக்கமான இழை உள்ள கெட்டி மரம், ஆப்பிரிக்கன் பிளாக்வுட், பாக்ஸ்வுட் மாதிரி. இலகு மரத்துல விளிம்பு பிஞ்சு வரும். பிளாக்வுட், ரோஸ்வுட் எல்லாம் டால்பெர்ஜியா இனம், 2017லேருந்து அந்த இனமே சைட்டீஸ் (அருகி வர்ற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, அதனால வெளிநாட்டுலேருந்து வரவழைக்கிறதா இருந்தா பர்மிட் இருக்கான்னு விக்கிறவர்கிட்ட ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. இந்த மரத்தூள் சில பேருக்கு அலர்ஜி வேற, மாஸ்க் போட்டுக்கோங்க.