ஆம்பூர் ஷூ அப்பர், ஜெர்மன் கம்பெனி: வணிக இடம் எது?

உங்கள் ஆம்பூர் ஷூ அப்பருக்கு (ஷூவின் மேல்பாகம்) ஆர்டர் ஜெர்மன் கம்பெனி பேரில், பேசியதெல்லாம் அதன் சென்னை ஆபீஸ், சட்டப்படி அந்தக் கம்பெனியின் வணிக இடம் எது என்று கேட்கிறீர்கள். தலைமை அலுவலகம்தான் என்று யாரோ சொன்னதை விடுங்கள் சார். சர்வதேச சரக்கு விற்பனைக்கான 1964 ஹேக் சட்டத்தில் வணிக இடமே இல்லாதவருக்கு வசிப்பிடம் என்று இருந்தது, இரண்டு இடம் இருந்தால் என்ன என்பதற்குப் பேச்சே இல்லை. அத்தகைய விற்பனையில் வழக்குப் போடும் காலக்கெடு பற்றிய 1974 காலவரம்பு உடன்படிக்கையில் ‘ஒப்பந்தத்தோடும் அதை நிறைவேற்றுவதோடும் மிக நெருங்கிய தொடர்புள்ள இடம்’ என்று வைத்தார்கள். அதுவே 1980 வியன்னா உடன்படிக்கையில் (இதுவும் சர்வதேச சரக்கு விற்பனைக்கானது) 10-ஆம் பிரிவு, அதுவும் ஒப்பந்தம் போடும்வரை இருதரப்புக்கும் தெரிந்திருந்ததை வைத்துத்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் எந்த ஊர் முத்திரை, சாம்பிளுக்கு ஓகே சொன்னது யார், அதைப் பாருங்கள். சென்னை என்றால் இருவருமே இந்தியா, வெவ்வேறு நாட்டாருக்கான வியன்னா உடன்படிக்கை பொருந்தாது. ஜெர்மனி என்றால், இந்தியா அதில் சேராவிட்டாலும், ஜெர்மன் சட்டம் பொருந்தும்போது அது பின்வாசல் வழியாக வரலாம்.