ஹாலில் ஒரு புத்தர், சம்பந்தி வீட்டில் ஒரு புத்தர்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு 28 வயது. கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஆனால் அவர்கள் குடும்பம் பௌத்தம். பெரம்பூரில் வீடு. போய்ப் பார்த்தோம். பூஜையறை இல்லை. கூடத்தில் புத்தர் படமும், அதைவிடப் பெரிதாக அம்பேத்கர் படமும் மாட்டியிருக்கிறார்கள்.

நான் எல்லா மதத்தையும் மதிப்பவள். எங்கள் ஹாலிலேயே புத்தர் சிலை இருக்கிறது. போன வருடம் திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியானப் பயிற்சிக்கும் போய்வந்தேன். அதனால் பேச்சுவாக்கில், "புத்தரும் பெருமாளோட அவதாரம்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். பையனின் அப்பா பதிலே பேசாமல் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

என் கணவர், "அது சிங்களவன் மதம், நமக்கு வேண்டாம்" என்கிறார். பையனின் சான்றிதழில் இந்து என்றுதான் இருக்கிறதாம். அப்படியானால் இவர்கள் உண்மையில் யார்? ஜெயின், சீக்கியர் என்றால்கூடச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது? கல்யாணம் எந்த முறையில் நடக்கும்? என் பெண் மதம் மாற வேண்டுமா? அந்த வீட்டில் அவள் விளக்கேற்றலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நங்கநல்லூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த அவதார விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அது அவருக்கும் புரிந்திருக்கும், அதனால்தான் சண்டைக்கு வராமல் டம்ளரைப் பார்த்திருக்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றபோது, தன்னோடு வந்த லட்சக்கணக்கான மக்களை 22 உறுதிமொழிகள் சொல்லவைத்தார். அதில் ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நான் நம்பமாட்டேன் என்பது. அதோடு நிற்காமல், அப்படிச் சொல்வது பைத்தியக்காரத்தனம், பொய்ப் பிரசாரம் என்று காட்டமாகவே இருக்கும். அம்பேத்கர் படத்தை அவ்வளவு பெரிதாக மாட்டியிருக்கும் வீட்டில் போய், வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, சரியாக அதையே சொல்லியிருக்கிறீர்கள்!

"எல்லாம் ஒண்ணுதான்" என்பது சொல்கிறவருக்கு இதமாக இருக்கும். கேட்கிறவரோ, அந்த ஒன்றுக்குள் தான் இருந்த இடம் எது என்று தெரிந்து, வேண்டாம் என்று வெளியே வந்தவர். அடுத்த முறை பார்க்கும்போது, "அன்னைக்குத் தெரியாமல் சொல்லிட்டேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். நீளமாக விளக்கம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், பெருமாள் பக்தையான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் தசாவதாரத்தில் பொதுவாகப் புத்தருக்கு இடமே கிடையாது, பலராமர்தான் இருப்பார். திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்துவந்து உருக்கித்தான் திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று குருபரம்பரைக் கதையே இருக்கிறது. சம்பந்தர் தேவாரத்தில் பெரும்பாலான பதிகங்களில் பத்தாவது பாட்டு சமணரையும் பௌத்தரையும் திட்டுவதற்கென்றே ஒதுக்கியது. நாம் எல்லா மதத்தையும் காலங்காலமாக மதித்தோம் என்று பேசுவதற்கு முன் இதையெல்லாம் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் சாதி என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் பெரம்பூர் இருக்கிறது. "அதைவிடப் பெரிதாக" அம்பேத்கர் படம் இருக்கிறது. ஜெயின் என்றால் சொல்லிக்கொள்ளலாம் என்ற வரி இருக்கிறது. ஜெயின்களும் நீங்கள் கும்பிடுகிற சாமிகளைப் படைப்புக் கடவுளாக ஏற்பதில்லை. சீக்கியர் குருத்துவாராவில் விக்கிரகமே கிடையாது. ஜெயின்கள் நிறைந்த சௌகார்பேட்டையையோ தி.நகர் ஜி.என்.செட்டி சாலை குருத்துவாராவையோ பார்த்து, "இது உண்மையான மதம்தானா?" என்று நங்கநல்லூரில் யாரும் கேட்பதில்லை. ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம் 1910-லிருந்து இருக்கிறது, மற்ற மதத்தவருக்கு உள்ளே அனுமதி கிடையாது. அதைக்கூட "என்ன கட்டுப்பாடு பாருங்க" என்று வியந்துதான் பேசுகிறோம். எண்ணிக்கையில் சிறிய மதங்களோடு நமக்கு ஒரு சிக்கலும் இல்லை. அந்த மதத்தில் இருப்பவர்கள் யார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமோ, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சென்னையிலேயே பௌத்தம் பல ரூபத்தில் இருக்கிறது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் கூடி "நம் ம்யோஹோ ரெங்கே க்யோ" என்று ஜப்பானிய வழியில் ஓதுகிறார்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. அழகு நிலையத்திலிருந்து பிரியாணிக் கடை வரை புத்தர் தலை அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். இதில் எதைப் பார்த்தும் உங்கள் சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள். சம்பந்தி வீட்டுப் புத்தர் மட்டும் உறுத்துகிறார்.

திருமுடிவாக்கத்தில் முதல் நாள் மாலை நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பயிற்சி தொடங்கும் முன் எல்லோரும் பாலி மொழியில் திரிசரணம் சொல்லி, பஞ்சசீலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். புத்தம் சரணம், கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை எல்லாம் அதில் வரும். பெரம்பூர் வீட்டிலும் அதே வரிகளைத்தான் சொல்வார்கள். நீங்கள் பத்து நாள் சொன்னதை அவர்கள் வருடம் முழுக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உங்கள் தயக்கம் புத்தரைப் பற்றியதா, அக்கம்பக்கத்தைப் பற்றியதா என்று நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் என்றால், பழியைப் பௌத்தத்தின் மேல் போடாதீர்கள். உங்கள் பெண்ணுக்கு அது உடனே புரிந்துவிடும். அவளுக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கணவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்கள் கொல்லப்பட்டதையும் பார்த்த, கேட்ட தலைமுறை அவர். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த நாட்டில், காவியுடை போட்டவர்களே இனவாதம் பேசியதை அவர் மறக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பெரம்பூர்க் குடும்பம் எப்படிப் பொறுப்பாகும்?

இந்த மண்ணில் பௌத்தம் வெளியூர்ச் சரக்கு இல்லை. மணிமேகலை பிக்குணியானது காஞ்சியில். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்குச் சோழர்கள் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார்கள். அந்த நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போங்கள். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சிலை புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. நாமே தெரியாமல் புத்தருக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

சென்னைக்குப் பௌத்தம் திரும்பி வந்த கதையும் அவருக்குத் தெரிய வேண்டும். சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசர் 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்பு போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுவந்தார். ஆமாம், கொழும்பில்தான், சிங்களப் பிக்குவிடம்தான். அதை மறைப்பானேன்? திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதி அவர்கள் மேல் பிறகு சுமத்தப்பட்டது என்பது அவர் வாதம். தீபாவளி எண்ணெய்க் குளியலைக்கூட, பிக்குகள் எள்ளெண்ணெயின் குணத்தைக் கண்டறிந்ததன் நினைவு என்று எழுதினார். வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். தன் மக்களுக்குத் தலைநிமிர்ந்து நிற்க ஒரு பழங்காலத்தைத் தேடிக் கொடுத்தார் அவர். கோலார் தங்கவயல், ரங்கூன் வரை சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. அம்பேத்கருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. ஆகவே பையனின் வீட்டில் மூன்று, நான்கு தலைமுறையாகப் பௌத்தம் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

சான்றிதழ் விஷயம் ஏமாற்று வேலை இல்லை. பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். பௌத்தர்களைச் சேர்த்தது 1990-இல்தான். அதுவரை காகிதத்தில் பௌத்தர் என்று எழுதினால் மத்திய அரசின் இட ஒதுக்கீடு போய்விடும். பிள்ளையின் படிப்பா, மதப் பெயரா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நீங்கள் எதை எழுதுவீர்கள்? 1990-க்குப் பிறகும் பழைய சான்றிதழை மாற்ற எத்தனை பேர் அலைவார்கள்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பௌத்தர்கள் 11 ஆயிரத்துச் சொச்சம்தான். வீட்டில் பௌத்தராக வாழ்ந்து காகிதத்தில் இந்துவாக இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சட்டத்தில் உங்களுக்கு ஒரு தலைவலியும் இல்லை. 1955 இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லோருக்கும் பொருந்தும். உங்கள் பெண் மதம் மாற வேண்டாம், பையனும் மாற வேண்டாம். ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா என்று உங்கள் நாத்தனார் கட்டாயம் கேட்பார். தமிழ்நாட்டில் 1967-இல் கொண்டுவந்த 7-ஏ பிரிவுப்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும். பதிவு மட்டும் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

நான் போயிருக்கிற பௌத்தத் திருமணங்களில் புத்தர், அம்பேத்கர் படங்களுக்குப் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்கிறார்கள். பிறகு மணமக்கள் உறுதிமொழி, மாலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளை உடுத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவையா என்று உங்கள் பக்கத்தில் பதறுவார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள். முகூர்த்தம், ராகுகாலம் பார்ப்பதில்லை என்றும் சொல்லக்கூடும். அதில் அவர்கள் விட்டுக்கொடுப்பார்களா என்று கேட்பதில் தவறில்லை, கேட்கிற விதம் முக்கியம்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? "மாப்பிள்ளை வீட்டில் பௌத்தம்" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கும் நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் கல்யாண மண்டபம் வரை கேட்டுக்கொண்டே வருவார்கள்.

விளக்கு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதுதான் உங்கள் பெண்ணைப் பாதிக்கக்கூடியது. அந்த 22 உறுதிமொழிகளில் முதல் மூன்றும் பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரன், ராமர், கிருஷ்ணர், கௌரி, கணபதி யாரையும் வணங்கமாட்டேன் என்பவை. சில வீடுகளில் அதைக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். வேறு சில வீடுகளில் புத்தர் படமும் இருக்கும், பாட்டிக்காக அம்மனும் ஓர் ஓரத்தில் இருப்பாள். அந்த வீடு எப்படிப்பட்டது என்று என்னால் சொல்ல முடியாது, பையனால் முடியும். எல்லாம் அனுசரித்துப் போய்விடலாம் என்று உங்கள் பெண் இப்போது சொல்வாள், காதலில் எல்லோரும் சொல்வதுதான். தினமும் சாமி கும்பிடுகிற பெண் என்றால், அவள் அறையில் ஒரு சின்னப் பெருமாள் படம் வைப்பதில் அவனுக்கு, அவன் அப்பாவுக்கு ஆட்சேபம் உண்டா என்று அவளே கேட்கட்டும். உங்கள் வீட்டுக் கொலுவுக்கு அவன் வருவானா, வந்தால் ஆரத்தியின்போது கைகட்டி நின்றால் நீங்கள் மனம் நோவீர்களா என்றும் பேசட்டும். நாளைக்குக் குழந்தைக்குத் திருப்பதியில் மொட்டை போட வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிக்கப்போகிறீர்களா என்பதை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நாள் குறிப்பதற்கு முன்னால், இரண்டு பேரும் உட்கார்ந்து, நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் இதைப் பேசி முடிக்கட்டும்.