ராணுவ மசோதா இழுபட்டால் மகனின் சம்பளம் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்கத் தரைப்படையில் இருக்கிறான். பணி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் போனஸ் கிடைக்குமாம். ஆனால் ராணுவ மசோதாவுக்குள் கருக்கலைப்பு, பாலின மாற்றச் சிகிச்சை என்று சம்பந்தமில்லாதவற்றைச் சேர்த்து இரு கட்சிகளும் மோதிக்கொள்கின்றன. மசோதா முடங்கினால் அவன் சம்பளமும் நிற்குமா?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: சம்பளம் நிற்காது, அம்மா. நீங்கள் சொல்வது ஆண்டுதோறும் வரும் தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம், அதாவது என்.டி.ஏ.ஏ. அது அனுமதி மட்டுமே தருகிறது. பணத்தை விடுவிப்பது நிதி ஒதுக்கீட்டுச் சட்டம். அக்டோபர் 1-ல் நிதியாண்டு தொடங்கும்போது அந்த ஒதுக்கீடோ தற்காலிக நீட்டிப்போ இல்லையென்றால்தான் சம்பளத்துக்குச் சிக்கல். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த அரசு முடக்கத்தில் தரைப்படைக்குச் சம்பளம் வந்தது. அதன் ஒதுக்கீடு முன்பே நிறைவேறியிருந்தது. வேறு துறையின் கீழ் வரும் கடலோரக் காவல் படையினர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள்.

போனஸைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மறுசேர்க்கை போனஸ் உட்படப் பல சிறப்புத் தொகைகளுக்கான அதிகாரம் டிசம்பர் 31-ல் காலாவதியாகும். அதை ஓராண்டு நீட்டிப்பது என்.டி.ஏ.ஏ.தான். மசோதா ஜனவரிக்குத் தள்ளிப்போனால் புதிய போனஸ் ஒப்பந்தங்கள் காத்திருக்க வேண்டிவரும். ஏற்கெனவே கையெழுத்தானவற்றுக்குப் பாதிப்பில்லை. படையில் தொடர்வதென்று மகன் முடிவெடுத்துவிட்டால், டிசம்பர் பாதிக்குள் தன் பிரிவின் கேரியர் கவுன்சிலரைப் பார்க்கட்டும். போனஸுக்காக மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

2020-ல் இது விளிம்புவரை போனது. சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் 230-வது பிரிவை இந்த மசோதாவிலேயே நீக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்டார். நடக்கவில்லை. ராணுவத் தளங்களின் பெயர்களை மாற்றும் விதியையும் எதிர்த்து, டிசம்பர் 23-ல் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 322-87 என்றும், செனட் 2021 ஜனவரி 1-ல் 81-13 என்றும் வாக்களித்து அதை முறியடித்தன.

எல்லோரும் ஏன் இதிலேயே தொற்றிக்கொள்கிறார்கள்? 1961 முதல் ஆண்டு தவறாமல் நிறைவேறும் மசோதா இது. பிடிக்காத ஒரு பிரிவை மட்டும் அதிபர் வெட்டவும் முடியாது. செலவுச் சட்டங்களில் அப்படி வெட்டத் தரப்பட்ட அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1998-ல் ரத்து செய்துவிட்டது. வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டம் 2009-ல் இதில் ஏறித்தான் வந்தது. அரசு ஊழியர்களுக்கு 12 வாரச் சம்பளத்துடன் கூடிய பெற்றோர் விடுப்பும் 2019-ல் அப்படியே வந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள் என்பேன். ஆனாலும் படைவீரரின் போனஸைப் பணயம் வைத்துப் பேரம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியே நின்று விவாதத்தைச் சந்திக்க வேண்டிய சட்டங்கள் இவை.

ஜூலை மாதத் தலைப்புச் செய்திகளைக் கண்டு பதறாதீர்கள். 2023 ஜூலையில், கருக்கலைப்புக்காக வெளிமாநிலம் செல்லும் படையினருக்குப் பயணச் செலவு தருவதைத் தடுக்கும் விதியுடன், பிரதிநிதிகள் சபையில் மசோதா 219-210 என்று தப்பிப் பிழைத்தது. டிசம்பரில் இரு அவைகளும் ஒப்புக்கொண்ட இறுதி வடிவில் அந்த விதி இல்லை. அது பிரதிநிதிகள் சபையில் 310-118 என்று எளிதாக நிறைவேறியது. எல்லாமே இப்படி உதிர்ந்துவிடும் என்றும் இல்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கான சில பாலின மாற்றச் சிகிச்சைகளுக்கு, படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான டிரைகேர் மருத்துவக் காப்பீடு பணம் தருவதற்கான தடை 2024-ல் கடைசிவரை நின்று சட்டமானது. எனவே டிசம்பரில் வெளிவரும் சமரச வாசகத்தைப் பாருங்கள். அதில் முதலில் தேட வேண்டியது சிறப்புத் தொகைகளின் ஓராண்டு நீட்டிப்பு.