ஏறுதா, எறங்குதா?

அன்புள்ள சார்,

நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 31. இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். மற்ற மூன்று பிரிவிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங்கில் 6.5 வேண்டும், இரண்டு முறையும் 5.5தான். கட்டுரையைக்கூட ஓரளவு சமாளித்துவிடுகிறேன். டாஸ்க் ஒன்தான் காலை வாருகிறது. கிராஃப், டேபிள், மேப், ப்ராசஸ் டயகிராம் என்று எதையாவது கொடுத்து, 20 நிமிடத்தில் 150 வார்த்தைக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்கிறார்கள். கோச்சிங்கில் டெம்ப்ளேட், அதாவது எந்தக் கேள்விக்கும் போடுகிற தயார் வாக்கியங்கள் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்தேன். வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற வேண்டுமா? நல்ல புத்தகம் உண்டா? விவரிக்கும்போது காரணமும் எழுதலாமா? இந்த வயதுக்கு மேல் ஆங்கிலம் வருமா? நீங்கள் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போன தேர்வில் எழுதியதை நினைவிலிருந்து எழுதி இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

எஸ்., அம்மாபேட்டை

அன்புள்ள எஸ்.,

31 எல்லாம் ஒரு வயதா? அதை விடுங்கள். காரணம் எழுதலாமா என்றால், கூடாது. தாளில் உள்ளதில் முக்கியமானதை எடுத்துச் சொல், தேவையான இடத்தில் ஒப்பிடு என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ரயிலில் போகிறவர்கள் ஏன் குறைந்தார்கள் என்று உங்களை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் இணைத்திருந்ததைப் படித்தேன். நான்கு நாடுகளின் ரயில் பயணிகள், நான்கு கோடுகள். 'தி கிவன் லைன் கிராஃப் டிபிக்ட்ஸ்' என்று ஆரம்பித்து, முதல் நாடு, அதன் ஒவ்வொரு வருடம், அடுத்த நாடு, அதன் ஒவ்வொரு வருடம் என்று கடைசி வரை ஒப்பித்திருக்கிறீர்கள். இலக்கணம் பெரும்பாலும் சரி. ஆனால் படித்து முடித்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எந்தக் கோடு ஏறியது, எது இறங்கியது, எது எதைத் தாண்டியது? எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, நானே கோடு போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கோபம் வந்தது. பாதி உங்கள் மேல், மீதி அந்த டெம்ப்ளேட்டைக் கொடுத்துக் காசு வாங்கியவர் மேல்.

இந்தக் கடிதம் வந்த வாரம் நான் அப்புச்சி நினைப்பாகவே இருந்தேன். மழைக்காலம் வந்தாலே பேப்பரில் மேட்டூர் நிலவரத்தைப் பார்க்கும்போது அம்மாவின் அப்பா ஞாபகம் வந்துவிடும். கிழக்குக் கரை வாய்க்கால் பாசனத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் இருந்தது. கண்புரை முற்றி எழுத்து தெரியாமல் போன காலத்தில், லீவுக்குப் போகும் நான்தான் அவருக்குப் பேப்பர். அதிலும் முதலில் மேட்டூர். நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்.

ஆறாவது படிக்கிற பையனுக்கு அதைவிடப் பெருமையான வேலை உண்டா? தொண்டையைச் செருமிக்கொண்டு, தசமப் புள்ளி உட்பட ஒரு எண் விடாமல் கணீரென்று வாசித்தேன். அப்புச்சி திண்ணையில் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "கண்ணு, உன்னய ஒப்பிக்கவா சொன்னேன்? ஏறுதா, எறங்குதா, நிக்குதா, அதச் சொல்லு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நேற்றைய பேப்பரைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏறுது அப்புச்சி" என்றேன். "எப்படித் தெரியும்?" "வர்றது அதிகம், தொறக்கறது கம்மி." "ம். இப்பச் சொல்லு, எத்தன அடி?" எண்ணுக்கு அப்போதுதான் இடம் வந்தது. 120 அடியில் நிறைகிற அணை, 93.47 டிஎம்சி கொள்ளளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு வேண்டியது இன்றைக்கு அது எந்தப் பக்கம் போகிறது என்பது. அது தெரிந்த பிறகு, அதைத் தாங்கிப் பிடிக்க ஓரிரு எண்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் ஓவர்வியூ என்று சொல்வது இதைத்தான். மதிப்பெண் விளக்கத்திலேயே இருக்கிறது: விவரங்களை இயந்திரம்போல ஒப்பித்து, தெளிவான மொத்தப் பார்வை இல்லாமல் விட்டால், கேட்டதைச் செய்தீர்களா என்று பார்க்கும் கூறில் 5. முக்கியப் போக்கை, வேறுபாட்டை, கட்டங்களைத் தெளிவாகச் சொன்னால் 7. உங்கள் விடைக்கு இரண்டே வரி போதும்: மூன்று நாடுகளில் பயணிகள் கூடினார்கள், ஒன்றில் மட்டும் குறைந்தார்கள். தொடக்கத்தில் கடைசியாக இருந்த நாடு முடிவில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதை எழுதிவிட்டு அப்புறம் எண்ணுக்குப் போயிருக்கலாம். நீங்கள் இதை எழுதவே இல்லை. எழுதத் தெரியாமல் அல்ல, பார்க்காமல்.

பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? மூன்றாவது நாட்டைப் பற்றி 'ஃப்ளக்சுவேட்டட்', ஏறி ஏறி இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே கொடுத்த எண்களின்படி அந்தக் கோடு ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போகிறது. டெம்ப்ளேட்டில் அந்த இடத்தில் அந்த வார்த்தை இருந்திருக்கும், போட்டுவிட்டீர்கள்.

நானும் போட்டிருக்கிறேன். ஒருநாள் பேப்பர் வரவில்லை. வெளியே பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புச்சி கேட்டதும், "நிக்குது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். முந்தின நாளும் அதுதான் சொன்னேன், மறுநாளும் அதுவே சொன்னேன். டீக்கடையில் யாரோ அவரிடம், மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த ஒரு வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நான் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் டெம்ப்ளேட் என்னுடைய 'நிக்குது' போலத்தான். தாளைத் திறப்பதற்கு முன்பே தயாராக இருக்கும் வாக்கியம் எப்படி அந்தத் தாளைப் பற்றியதாக இருக்க முடியும்? அடுத்த டெம்ப்ளேட் எது என்று வேறு கேட்கிறீர்கள்!

இத்தனைக்கும் நீங்கள் நர்ஸ். இந்த வேலையை ஒன்பது வருடமாக தினமும் செய்கிறீர்கள். நைட் டியூட்டி முடிந்து அடுத்த ஷிஃப்ட் பெண்ணிடம் ஒப்படைக்கும்போது என்ன சொல்வீர்கள்? காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டிபிஆர் சார்ட்டை ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி என்று வாசிப்பீர்களா? போன வருடம் என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அரைத்தூக்கத்தில் கேட்டது இது: "பத்தாம் நம்பர் ராத்திரி முழுக்க நல்ல காய்ச்சல். ரெண்டு மணிக்கு 103 வரை போச்சு. அஞ்சு மணிலருந்து எறங்குது. யூரின் மட்டும் கம்மியா போகுது, பாத்துக்கோ." மொத்தப் போக்கு, உச்சம், திருப்பம், கடைசியாக மற்றதோடு ஒட்டாத ஒன்று. நான்கே வாக்கியம். என் மனைவியைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதால் பயமாக இருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த வாத்தியார் மார்க் போட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் தொழிலின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858ல் வெளியிட்ட வட்ட வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்ததுதான் அதிகம். அட்டவணை போட்டால் மேலிடத்தில் படிக்கமாட்டார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற மாதிரி வரைந்தார். நோய்ச் சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு. எங்கே பார்த்தாலும் நீலம்.

மேப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடது, வலது என்று எழுதாதீர்கள், வடக்கு, தெற்கு என்று எழுதுங்கள். எது போனது, எது வந்தது, எது அப்படியே இருக்கிறது. சேலம் ஐந்து ரோட்டை மேம்பாலத்துக்கு முன், பின் என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். (மகள் இருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. யாரிடமாவது சொல்லுங்கள்.)

ப்ராசஸ் டயகிராமுக்குப் பாஸிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) வரவில்லை என்று இரண்டாவது பக்கத்தில் புலம்பியிருக்கிறீர்கள். தமிழில் எனக்கு 'படுகிறது' பிடிக்காது. 'உணவு உண்ணப்பட்டது' என்று எழுதும் பையன்களை வகுப்பில் நிற்கவைத்திருக்கிறேன். ஆனால் சேலத்துக்காரர்களுக்குப் பாஸிவ் கஷ்டமே இல்லை. என் சித்தி ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ பாக்டரியில் வேலை பார்த்தாள். பஸ் அந்தப் பக்கம் போகும்போதே புளித்த வாடை வரும், சித்தியின் சேலையிலும் வரும். ஜவ்வரிசி எப்படிச் செய்வது என்று கேட்டால் சொல்வாள்: "குச்சிக்கிழங்க உரிப்பாங்க, கழுவுவாங்க, அரைப்பாங்க. பால வடிகட்டித் தொட்டில விடுவாங்க. மாவு அடியில தங்கினதும் மேல் தண்ணிய எறக்கிடுவாங்க. அப்புறம் மாவ ஒடச்சு, தூளி மாதிரி கட்டின துணில போட்டு ஆட்டுவாங்க, உருண்டு உருண்டு வரும். சட்டில வறுப்பாங்க, களத்துல காயப்போடுவாங்க. திப்பி, அதான் சக்கை, மாட்டுக்குப் போயிரும்."

யார் உரிப்பாங்க? சித்திதான்! பதினோரு வருடம் அவள் கையால்தான் உரித்தாள். இருந்தாலும் செய்முறை சொல்லும்போது தன்னை எடுத்துவிட்டு, ஆள் இல்லாத ஒரு 'பாங்க' போட்டுக்கொள்கிறாள். யார் செய்கிறார்கள் என்பது அங்கே முக்கியமில்லை, அடுத்து என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். இந்த 'பாங்க' வருகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் பாஸிவ் போடுங்கள். 'உருண்டு வரும்', 'அடியில் தங்கும்' என்று தானாக நடப்பதற்குப் போடாதீர்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்தபோது இது எனக்குத் தோன்றவில்லை. சித்தி இறந்த பிறகுதான் தோன்றியது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத்தாள் தொகுப்பு ஒன்று போதும், மாதிரி விடைகளும் அதில் இருக்கும். டாஸ்க் டூவுக்கு, அதாவது கட்டுரைக்கு, டாஸ்க் ஒன்னைப்போல இரண்டு மடங்கு மதிப்பு, அதனால் டாஸ்க் ஒன்னிலேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு விடை எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம். முதல் வரியில் 'டிபிக்ட்ஸ்' இருந்தால் மட்டும் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.