கோடு போடுவதும் அடித்துவிடுவதும்

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பெடுக்கிறேன். இதுவரை நான்கு கதைகள் எழுதியிருக்கிறேன். கடைசிக் கதையை எங்கள் வாசகர் கூட்டத்தில் படித்தபோது மூத்த விமர்சகர் ஒருவர், ‘கடைசி ரெண்டு பக்கம் தேவையே இல்லை, வெட்டி எறி’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இரண்டு நாள் தூங்கவில்லை. அப்போதுதான் இந்தக் கேள்விகள் வந்தன. விமர்சனம் என்ற ஒன்று எப்போது தொடங்கியது? அரிஸ்டாட்டில்தான் முதல் விமர்சகர் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கவிஞர்கள் நிம்மதியாக இருந்தார்களா? எழுத வராதவர்கள்தானே விமர்சகர் ஆகிறார்கள்? கதையையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் படியுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரண்மேல் ஏறி ஒரு பழைய திருக்குறள் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். தூசியில் தும்மிக்கொண்டே இறங்கி வந்து உங்கள் கடிதத்தைப் படித்ததும், சரி, இதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

நிம்மதியாக இருந்த கவிஞர் எந்தக் காலத்திலும் கிடையாது. அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 405-இல், ஏதென்ஸில் அரிஸ்டோபனிஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரர் ‘தவளைகள்’ என்ற நாடகத்தைப் போட்டார். ஊரில் நல்ல கவிஞன் ஒருவனும் மிச்சமில்லை என்று நாடகத்தின் கடவுளான டயோனிசஸ், செத்துப்போன நாடகக் கவிஞர் யூரிப்பிடிஸைத் திரும்பக் கூட்டிவரப் பாதாளத்துக்குப் போகிறார். அங்கே யூரிப்பிடிஸுக்கும், அவருக்கு மூத்த நாடகக் கவிஞரான எஸ்கிலஸுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. கடைசியில் தராசு கொண்டுவந்து ஆளுக்கொரு வரியாகத் தட்டில் சொல்லச் சொல்கிறார்கள். யூரிப்பிடிஸ் ஒரு கப்பலைப் பற்றிய வரியைச் சொல்கிறார். எஸ்கிலஸ் ஓர் ஆற்றைப் பற்றிய வரியைச் சொல்ல, அவர் தட்டு இறங்கிவிடுகிறது. ஏன்? ஆட்டுமயிரை நனைத்து எடை கூட்டி விற்கிற வியாபாரி மாதிரி, வரிக்குள் ஆற்றை விட்டு நனைத்துவிட்டாராம்! அன்றைக்கு அந்த நாடகத்துக்குத்தான் முதல் பரிசு. ஊரே உட்கார்ந்து சிரித்திருக்கிறது. உங்களை முப்பது பேர் முன்னால் சொன்னதற்கே இரண்டு நாள் தூங்கவில்லை என்கிறீர்கள். யூரிப்பிடிஸ் செத்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

எழுத வராதவர்கள்தான் விமர்சகர் ஆகிறார்கள் என்ற வசனத்தைத் தயவுசெய்து இனிமேல் எங்கும் சொல்லாதீர்கள். அடிபட்ட எழுத்தாளர் எல்லாரும் டீக்கடையில் சொல்கிற வசனம் அது, நானும் சொல்லியிருக்கிறேன். பழைய எகிப்தில் இருந்த அலெக்ஸாண்டிரியா நூலகத்துக்கு 120 சுருள்களில் நூற்பட்டியல் போட்ட கல்லிமாகஸ், கிரேக்கத்தின் ஆகச்சிறந்த கவிஞர்களில் ஒருவர். அதை இத்தோடு விடுவோம்.

நான் பேச நினைப்பது அந்த நூலகத்தைப் பற்றித்தான். ஹோமர் ஒருவர், ஆனால் அங்கே வந்து குவிந்த ஹோமர்கள் பல. மஸ்ஸாலியாப் பிரதி, சினோப்பேப் பிரதி, கியோஸ் பிரதி என்று அவருடைய இலியட் காவியம் ஊருக்கொன்று. ஒன்றில் இருக்கிற வரி இன்னொன்றில் இருக்காது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தலைவராக இருந்த ஸெனோடோட்டஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘இது ஹோமர் எழுதியதாக இருக்காது’ என்று தோன்றிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாகப் படுக்கைக் கோடு ஒன்று போட்டார். வரியை அடிக்கவில்லை. அந்தக் கோட்டுக்கு ஒபெலோஸ் என்று பெயர். இறைச்சி சுடும் கம்பி என்று பொருள். இலியட்டின் 4, 5-ஆம் வரிகளிலேயே கோடு விழுந்துவிட்டது. வீரர்களின் உடல்கள் நாய்க்கும் பறவைக்கும் இரையாயின என்கிற இடம். இன்றைக்கும் இலியட்டைத் திறந்தால் அந்த நாய்களும் பறவைகளும் முதல் பக்கத்தில் நிற்கின்றன. கோடு போட்டவர் தோற்றார், வரி பிழைத்தது. அடித்திருந்தால்?

ஸெனோடோட்டஸ் சில இடங்களில் வரியை அடியோடு நீக்கியும் இருக்கிறார், அது வேறு கதை. இந்த முறையை ஒரு ஒழுக்கமாகவே ஆக்கியவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அதே நூலகத்துக்குத் தலைவராக வந்த அரிஸ்டார்க்கஸ். கோட்டோடு வேறு குறிகளும் அவரிடம் உண்டு. வேறோர் இடத்திலும் வருகிற வரி என்றால் ஒரு விண்மீன். அந்த வரி அங்கேதான் பொருந்துகிறது, இங்கே வேண்டாத விருந்தாளி என்றால் விண்மீனும் கோடும் சேர்த்து. உங்கள் கைப்பேசியில் இருக்கும் நட்சத்திரக்குறி அந்தப் பரம்பரைதான். கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்த வடிவத்தை 1659-இல் ஒரு சுவிஸ்காரர் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டார். கால்குலேட்டரில் வகுத்தல் குறியாக நாம் அழுத்துவது அதைத்தான். ஹோமரைச் சந்தேகப்பட்ட குறியை வைத்து வட்டி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கதைக்கு நெருக்கமான சங்கதி ஒன்று. அரிஸ்டார்க்கஸும் அவருக்கு முன்பு தலைவராக இருந்த பைஸாண்டியத்து அரிஸ்டோபனிஸும் (நாடகக்காரர் வேறு, இவர் வேறு) ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸி 23-ஆம் காண்டத்தின் 296-ஆம் வரியோடு முடிந்துவிடுகிறது என்று கருதினார்கள். நாயகன் ஒடிஸியஸும் அவன் மனைவியும் இருபது வருடப் பிரிவுக்குப் பிறகு படுக்கைக்குப் போகிற இடம். அதற்குமேல் ஒரு காண்டத்துக்கும் அதிகமாக இருக்கிறது. அது தேவையில்லை என்பது இரண்டு பேரறிஞர்களின் முடிவு. இருந்தும் அந்தப் பகுதி நம் கைக்கு வந்திருக்கிறது. மகனைக் கண்டு முதலில் அடையாளம் தெரியாத கிழத் தந்தை லயர்ட்டீஸ் தோட்டத்தில் மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிற காட்சி அந்தத் ‘தேவையில்லாத’ பகுதியில்தான் வருகிறது. எனக்கு ஒடிஸியிலேயே பிடித்தது அதுதான். நான் கிழவனாகிவிட்டதால் இருக்கலாம்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1980-களில் நான் அனுப்பிய மூன்றாவது கதையை ஒரு சிறுபத்திரிகை போட்டது. கடைசிப் பத்தி இல்லாமல். கேட்டதற்கு ஆசிரியர், ‘அது இல்லாட்டிதான் கதை நல்லாருக்கு’ என்றார். இருக்கலாம். அவர் நல்ல வாசகர்தான், இன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றுமோ என்னவோ. ஆனால் கார்பன் வைத்து எழுதாத காலம், கையெழுத்துப் பிரதியை அவர் திருப்பித் தரவில்லை. அந்தப் பத்தி எனக்கு மறந்தே போய்விட்டது. அவர் சொன்னது சரியா தவறா என்று இந்த வயதில் உட்கார்ந்து யோசிக்க என்னிடம் எதுவுமே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதே காலத்தில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் நான் அச்சுக்கோக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அங்கே புரூஃப் பார்த்தவர் ஓர் அண்ணாச்சி. எழுத்துப்பிழையைத் திருத்துவார். அது தவிர, வாக்கியம் சரியில்லை என்று பட்டால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். ஒருநாள் கேட்டேன், “அண்ணாச்சி, தப்புன்னு தெரியுதுல்லா, அடிச்சுர வேண்டியதுதானே?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அடிச்சுட்டேம்னா, நாளைக்கு நாந்தான் முட்டாள்னு எவனுக்குலே தெரியும்?”

அரிஸ்டார்க்கஸ் பெயரை அண்ணாச்சி கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு வாய்த்தவர் பரிமேலழகர். மதியச் சாப்பாடு முடிந்ததும் குறள் உரையை எடுத்துவிடுவார். பரிமேலழகர் தனக்குப் பிடிக்காத உரையைச் சொல்லாமல் தள்ளமாட்டார். இன்னொருவர் கொண்ட பாடத்தையோ பொருளையோ சொல்லி, ‘என்று உரைப்பாரும் உளர்’ என்பார். அப்புறம் ஏன் அது பொருந்தாது என்று ஒரு போடு போடுவார். ‘உளர்’ என்ற சொல்லை அண்ணாச்சி ரசித்துச் சொல்வதைக் கேட்கவேண்டும். “எதிராளிக்குத் திண்ணையில ஒரு எடம் போட்டுட்டுல்லா பேசுதாரு!”

போன மாதம் அண்ணாச்சியின் மூத்த மகள் ஒரு திருமணத்தில் என்னைப் பார்த்து, “அப்பா புத்தகம் ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கே, அதை ஒருதரம் பாக்கணும் அண்ணே” என்றார். அதற்குத்தான் பரண். கிடைத்துவிட்டது. புரட்டினேன். 61-ஆம் குறள். ‘அறிவறிந்த மக்கட்பேறு’ என்று வள்ளுவர் சொல்ல, அந்த ‘மக்கள்’ என்ற சொல் பெண்ணொழித்து நின்றது என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சில் கோடு. அண்ணாச்சிக்கு மூன்று பெண்கள், பையன் கிடையாது. அழுத்திப் போட்ட கோடு, தாளே கொஞ்சம் பள்ளமாகியிருந்தது. ஆனால் பரிமேலழகரின் ஒரு எழுத்தைக்கூட அவர் அடிக்கவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

அரிஸ்டார்க்கஸ் சுத்தமான ஆள் என்று நான் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். இலியட் 9-ஆம் காண்டத்தில் ஃபீனிக்ஸ் என்ற கிழவர் தன் இளமைக்கதையைச் சொல்கிறார். தந்தை சபித்த ஆத்திரத்தில் அவரையே வாளால் கொன்றுவிட நினைத்தேன், ஏதோ ஒரு தெய்வம் தடுத்தது என்று நான்கு வரி. அரிஸ்டார்க்கஸ் பயந்துபோய் அந்த வரிகளை எடுத்துவிட்டார் என்று பிற்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குற்றம்சாட்டுகிறார். நம்பாத அறிஞர்களும் உண்டு. எப்படியோ, இடைக்காலத்துக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரிகள் இல்லை. புளூட்டார்க் மேற்கோள் காட்டிய ஒரே காரணத்தால்தான் இன்றைய பதிப்புகளில் 458 முதல் 461 வரை என்று எண் போட்டு நிற்கின்றன. தந்தையைக் கொல்ல நினைத்த மகனைப் பார்த்தால் எந்தக் கை நடுங்காது? ஆனால் கதையில் அதுதானே உயிர்! கி.மு. 145-இல் எகிப்தில் எட்டாம் தாலமி பட்டத்துக்கு வந்ததும் அறிஞர்களை விரட்டினான். அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸுக்கு ஓடி அங்கேயே செத்துப்போனார். அவர் எழுதிய விளக்கங்களில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. வெனிஸில் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டு இலியட் பிரதி ஒன்றின் ஓரத்தில், அவருடைய குறிகளும், பிறர் எடுத்தெழுதிய அவர் கருத்துகளும் இருக்கின்றன. ஓரத்தில் எழுதியவர் ஓரத்தில் பிழைத்திருக்கிறார்.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், அரிஸ்டாட்டில். அவருடைய ‘கவிதையியல்’ நூலைப் படியுங்கள், சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அவர் முதலா இரண்டாவதா என்பதைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

அந்த மூத்த விமர்சகர் மேல் எனக்கும் கோபம்தான். நீங்கள் நினைக்கிற காரணத்துக்கு இல்லை. கடைசி இரண்டு பக்கம் தேவையில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ‘வெட்டி எறி’ என்றாரே, அங்கேதான் அவர் என் அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஆகிவிட்டார். நீங்களும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடிதத்தின் கீழே, ‘அந்தப் பக்கங்களை அன்றிரவே அழித்துவிட்டேன், பழைய வடிவத்தை நண்பரிடமிருந்து வாங்கி அனுப்புகிறேன்’ என்று பின்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அழித்துவிடுவதா? கோபம் வந்தால் இரண்டு நாள் தூங்காமல் இருங்கள், ஒன்றும் ஆகாது. பக்கத்தில் கை வைக்காதீர்கள். அந்த நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கதையை அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா தன் வளையலைக் கழற்றி முந்தானையில் முடிகிற இடம் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஏழு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் விண்மீனும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் போன வருடம் அனுப்பிய கதையிலும் அப்பா இதே வாக்கியத்தைத்தான் சொல்லிவிட்டு வெளியே போனார். அங்கே அது பொருந்தியது.