உபுண்டுவை அழித்தேன், விண்டோஸும் வரவில்லை!

ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) என்று இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதியில்) கை வைத்த மறுநாள் எழுதும் கடிதங்களை எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பாதி வாக்கியத்தில் கேள்விக்குறி வந்திருக்கும். இந்த முறை அப்படி ஆறு. கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடம் போதவில்லை என்று விண்டோஸில் இருந்தபடியே உபுண்டு பார்ட்டிஷனை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்', அடுத்த வரியில் 'கிரப் ரெஸ்க்யூ'. விண்டோஸும் போய்விட்டதா சார்?

பதில்: போகவில்லை, அப்படியே இருக்கிறது. அதை எழுப்பிவிட ஆள்தான் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழைய பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் உள்நிரல்) முறைக் கணினி. அதில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 446 பைட் பூட் நிரலுக்கு (இயங்குதளத்தை எழுப்பிவிடுவது), 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. 446 பைட்டுக்குள் என்ன பெரிதாக எழுதிவிட முடியும்? 'மிச்சம் அங்கே இருக்கிறது, போய்ப் பார்' என்று கைகாட்டத்தான் முடியும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு எழுப்பிவிடும் நிரலான கிரப்பின் மெனு, மாட்யூல் எல்லாம் உபுண்டுவின் பூட் ஃபோல்டருக்குள் இருந்தன. அந்த வீட்டை இடித்துவிட்டீர்கள். கைகாட்டி மட்டும் தெருமுனையில் நிற்கிறது.

உபுண்டு இனி வேண்டாம் என்றால் வேலை சுலபம். வேறொரு கணினியில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் தயார் செய்து, லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் செய்யுங்கள். 'இன்ஸ்டால்' பட்டன் பக்கம் போகவே வேண்டாம். 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுங்கள். அந்த 446 பைட் மட்டும் மாறும். பார்ட்டிஷன் அட்டவணையை இது தொடாது.

கேள்வி: எனக்கும் அதே கறுப்புத் திரை. ஆனால் நான் உபுண்டுவைத் தொடவே இல்லை. சும்மா கிடந்த ஈ டிரைவைத்தான் அழித்தேன்.

பதில்: அதுதான் விஷயம். எம்பிஆர் (மேலே சொன்ன 512 பைட் முறை) டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த நான்கில் ஒன்றுக்குள் அடக்கி வைப்பவை லாஜிக்கல். லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் 5-இல் தொடங்கும். உங்கள் ஈ டிரைவ் 5, உபுண்டு 6 என்று இருந்திருக்கும். 5 போனதும், ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர் முன்னே வருகிற மாதிரி, 6 நகர்ந்து 5 ஆகிவிட்டது. கிரப் இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டு நிற்கிறது. ஜிபிடி (புதிய அட்டவணை முறை) டிஸ்க்காக இருந்தால் எண்கள் இப்படித் தானாக நகராது.

அந்தக் கறுப்புத் திரையிலேயே 'எல்எஸ்' என்று அடியுங்கள். 'எச்டி0,எம்எஸ்டாஸ்1' என்பது போலப் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக 'எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/' என்று கேட்டுப் பாருங்கள். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். மற்றவற்றில் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' என்று கையை விரிக்கும். பூட், ஹோம், இடிசி என்று பெயர்கள் வரிசையாக வருகிறதே, அதுதான் உபுண்டு. அது 5 என்று வைத்துக்கொண்டால், வரிக்கு ஒன்றாக:

செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

பழகிய மெனு வந்து நிற்கும். பலர் இத்தோடு எழுந்து காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் செய்ததெல்லாம் அந்த ஒருமுறை பூட் ஆவதற்கு மட்டும்தான் செல்லும். உபுண்டுவுக்குள் போய், டெர்மினலில் 'சுடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ', பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்'. எஸ்டிஏ-வுக்குப் பின்னால் எண் எதுவும் போடக்கூடாது. எழுத வேண்டியது டிஸ்க்கின் தலையில், பார்ட்டிஷனுக்குள் அல்ல.

கேள்வி: டிஸ்க்கில் 100 எம்பியில் பெயரில்லாத ஒரு பார்ட்டிஷன், உள்ளே எதுவும் தெரியவில்லை. குப்பை என்று அழித்தேன். இப்போது 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது.

பதில்: அந்தக் குப்பைதான் சாவிக்கொத்து. யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) கணினிகளில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்பது அதுவே. விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனி ஃபோல்டரில் பூட் கோப்புகள் அங்கேதான் இருந்தன. மறுபடி கட்ட வேண்டும். மேலே சொன்ன பென்டிரைவை இப்போது யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் 'டிஸ்க்பார்ட்' திறந்து, சரியான டிஸ்க்கைத் தேர்ந்து, காலியான இடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுங்கள். வெளியே வந்து 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ'. இந்தச் சூழலில் சி என்பது உங்கள் வழக்கமான சி-யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'டிர்' போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

உபுண்டுவுக்கு லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) போய் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: புதிய பார்ட்டிஷனுக்கு யுயுஐடி (அதன் அடையாள எண்) புதிது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று குறித்து வைத்திருக்கும், இடிசி-க்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழையதே கிடந்தால், கிரப் சரியாக வந்த பிறகும் உபுண்டு பாதியில் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: இரண்டாவதாக இன்னொரு லினக்ஸ் போட்டதிலிருந்து பழைய உபுண்டு ஏற ஒன்றரை நிமிடம் ஆகிறது.

பதில்: புதியது உங்கள் ஸ்வாப்பை (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) ஃபார்மேட் செய்திருக்கும். பழையது பழைய யுயுஐடியைத் தேடி 90 நொடி காத்திருந்து கைவிடுகிறது. 'பிஎல்கேஐடி' கட்டளையில் புதிய எண்ணைப் பார்த்து எஃப்எஸ்டேப்பில் மாற்றுங்கள்.

கேள்வி: சி டிரைவைக் குறுக்கி லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் இப்போது பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எந்தக் கீயும் வைத்ததே இல்லையே?

பதில்: புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததுமே பிட்லாக்கர் என்கிரிப்ஷன் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கை மறைப்பது) தானாக இயங்கிவிடுவதுண்டு. பூட் வழி மாறியதும் சந்தேகப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் வேறு கருவி வழியாக நுழைந்தால் 48 இலக்கக் கீ அங்கே இருக்கும். அங்கும் இல்லை, வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை என்றால், திறக்க வழியில்லை; திறந்து தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உபுண்டு என்று நினைத்து, கல்யாணப் படங்கள் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அழித்த பிறகு அதில் எதையும் உருவாக்கவில்லை, ஃபார்மேட் செய்யவில்லை என்றால் சொல்ல வேண்டியதே வராது. அழிந்தது அட்டவணையில் ஒரு பதிவு. படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லைவ் பென்டிரைவில் பூட் செய்து 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். 'அனலைஸ்', பிறகு 'குயிக் சர்ச்'. பழைய பார்ட்டிஷன் பட்டியலில் வந்ததும் உடனே 'ரைட்' கொடுக்காமல், அதன் மேல் நின்று 'பி' விசையை அழுத்துங்கள். கோப்புப் பெயர்கள் தெரிந்தால் முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், பிறகு 'ரைட்'. எஸ்எஸ்டியில் ஃபார்மேட்டும் செய்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. டிரிம் என்ற ஏற்பாடு மிச்சத்தைத் துடைத்திருக்கும்.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. ஒருமுறை ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் நிரலில் பெரிய பார்ட்டிஷன் ஒன்றை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். பழைய லேப்டாப், பேட்டரி எப்போதோ செத்துப்போனது. பச்சைப் பட்டை பாதியில் நிற்கும்போது கரண்ட் போனது. பாதித் தரவு புதிய இடத்தில், பாதி பழைய இடத்தில். டெஸ்ட்டிஸ்க்கால்கூட ஒட்டவைக்க முடியவில்லை. இப்போதெல்லாம் வலப்பக்க ஓரத்தைக் குறுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடப்பக்க ஓரத்தைத் தொடுவதென்றால் பேக்கப் எடுத்து, யுபிஎஸ் போட்ட பிறகுதான்.